பதினேழாம் நம்பர் வீட்டு வெள்ளம்

ஏரிக்கரை உடைந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நியூஸ்காரரின் கையில் ஒரு இரட்டைக் கட்டில் பெட்ஷீட்டின் இடது மூலை இருந்தது.

வலது மூலை எதிரே நின்றவரின் கையில் இருந்தது. வெளிநாட்டில், ஹோட்டல்களின் பெட்ஷீட்டுகளையும் துண்டுகளையும் துவைத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய சலவைக்கூடம் அது. ஈரம் உலராத பெட்ஷீட்டை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, உதறி, சுருக்கம் விழாமல் சூடான ரோலருக்குள் விட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு. நாலு வருஷமாக இடது மூலை இவருடையது, வலது மூலை அந்த மனிதருடையது. அதனால் அவருக்கு வலதுமூலை என்றே பெயராகிவிட்டது. இவருக்கு மட்டும் இடதுமூலை என்ற பெயர் ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் ஊர் நியூஸ்தான் என்பதால் நியூஸ்காரர் ஆகிவிட்டார்.

"அண்ணே, கோணலாப் போவுது, இழுங்க" என்றார் வலதுமூலை.

"ஏரி உடஞ்சுடுச்சுய்யா!"

"எந்த ஏரி?"

"எங்க ஊர் ஏரி!"

பெட்ஷீட் கோணலாகவே உள்ளே போய், மறுபக்கம் தீராத சுருக்கங்களோடு வெளியே வந்தது. வலதுமூலை பெருமூச்சு விட்டு அதைத் திரும்பவும் ஈரக் கூடையில் போட்டார்.

வேலை நேரத்தில் போன் கூடாது என்பது கூடத்தின் சட்டம். நியூஸ்காரரின் போன் துண்டு வண்டியில், மடித்த துண்டுகளுக்கு நடுவே, திரை மட்டும் தெரியும்படி சாய்ந்திருக்கும். அதில் காலையிலிருந்து மாலை வரை ஊர்ச் சேனல் ஓடும். சேனல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிருபர், படம் பிடிக்க அவருடைய மச்சான், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மைக். அவ்வளவுதான்.

இப்போது நிருபர் இடுப்பளவுத் தண்ணீரில், கொட்டும் மழையில் கத்திக்கொண்டிருந்தார். நாலாவது தெரு மூழ்கிக்கொண்டிருக்கிறதாம்.

"பாருய்யா, இடுப்பளவு தண்ணி! எங்க தெருய்யா அது!"

வலதுமூலை எட்டிப் பார்த்தார். "அவருக்குப் பின்னால நாய் ஒண்ணு நடந்து போவுதே, அண்ணே. அதுக்குப் பாதம் மட்டும்தான் நனையுது."

"அது மேடா இருக்கும்."

"இல்ல, இவரு உக்காந்திருக்காரு."

"ஆபத்து நேரத்துல ஏன்யா குதர்க்கம் பேசறே? அதோ பாரு, எங்க தெருமுனை இஸ்திரிக்காரர். உதவி கேட்டு ரெண்டு கையையும் ஆட்டறாரு!"

உண்மைதான். நிருபருக்குப் பின்னால் கட்டம்போட்ட லுங்கியில் ஒருவர் கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தார். நிருபர் பேச்சை நிறுத்தாமலேயே அவரை ஒரு முழங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

நியூஸ்காரரின் வீடு அந்தத் தெருவில்தான். நாலாவது தெரு, பதினேழாம் நம்பர் வீடு. முப்பது வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீடு. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். இருக்கும் ஒரே தங்கை ஆறு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர்.

கழிவறைக்குப் போவதாகச் சைகை காட்டிவிட்டு, சோப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் போய் நின்று அம்மாவை அழைத்தார்.

"சாப்பிட்டியாப்பா?"

"அத விடும்மா. ஏரி உடஞ்சுடுச்சா?"

"எந்த ஏரி?"

அவருக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. வழக்கமாக அவர் எந்த ஊர் நியூஸைச் சொன்னாலும் அம்மா "ஆமாமா" என்பாள். தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்தார்களாமே என்றால் ஆமாமா. மூணாவது தெருவில் லாரி சாக்கடைக்குள் இறங்கிவிட்டதாமே என்றால் அதற்கும் ஆமாமா. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு ஊர் நிலவரத்தை வெளிநாட்டிலிருந்து அவர்தான் தினமும் சொல்லிவந்தார். எதிர்க்கேள்வி இன்றைக்குத்தான் முதல் தடவை.

"நம்ம ஏரிம்மா! தெருவெல்லாம் தண்ணி, மழை கொட்டுதுன்னு காட்டறான்!"

"இங்க வெயில் மண்டையப் பொளக்குதுப்பா. துணி போட்டு அரை மணி நேரத்துல மொறமொறன்னு காஞ்சுபோச்சு."

துணி காய்வதைப் பற்றி யாரிடம் கதை விடுகிறாள்? தினம் அறுநூறு பெட்ஷீட்டைக் காயவைக்கிறவரிடம்.

"வீடியோவுல வா."

வந்தாள். பின்னால் எப்போதும் போலப் பச்சை பீரோ. அதன் மேல் எப்போதும் போல அப்பாவின் குடை.

"ஜன்னலைக் காட்டு."

"ஜன்னல்ல என்னப்பா இருக்கு? வெளிச்சம் கண்ணக் கூசுது."

"அப்ப தரையைக் காட்டு."

அம்மா போனைக் கவிழ்த்தாள். தரை காய்ந்து பளபளவென்று வெள்ளையாக இருந்தது.

"நம்ம வீட்டுத் தரை சிவப்பு சிமெண்டுல்ல? இதென்ன வெள்ளையா?"

"அதா? டைல்ஸ் போட்டாச்சுப்பா. உங்கிட்ட சொல்லலையா?"

"வாடகை வீட்டுக்கு எவன் டைல்ஸ் போடுவான்?"

"ஹவுஸ் ஓனருதான். நல்ல மனுஷன்ப்பா."

முப்பது வருஷத்தில் ஒரு பல்பு மாற்றித் தராதவர் ஹவுஸ் ஓனர். பேச்சுக்கு நடுவே 'பாம்' என்று நீளமாக ஓர் ஊதல் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"டிவிப்பா. வச்சிடட்டுமா? அடுப்புல பால் இருக்கு."

நியூஸ்காரர் பீப்பாயில் சாய்ந்துகொண்டார். மீட்புப் படகு வீட்டு வாசலுக்கே வந்து ஊதுகிறது, அம்மா பால் காய்ச்சுகிறாளாம்.

அவர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் கெட்டது எதையும் சொல்லக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் எழுதப்படாத சட்டம். 'அவன் அங்க தனியாக் கெடக்கான், அவன் மனசை ஏன் கலைக்கணும்?' அப்பாவின் கண் ஆபரேஷன், கட்டுப் பிரித்த பிறகுதான் இவருக்குத் தெரியும். பெரிய மாமா விஷயத்தில் அதுவும் இல்லை. 'மாமா எங்கே?' என்று கேட்கும்போதெல்லாம் 'தூங்கறாருப்பா' என்றார்கள். நாலு மாதம் தூங்கினார். கடைசியில் ஊர்ச் சேனலில் சாக்கடை அடைப்பைப் பற்றி ஒரு செய்தி. நிருபருக்குப் பின்னால் இருந்த சுவரில், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து குடும்பம் சொல்வதை அவர் நம்புவதில்லை. சேனலைத்தான் நம்புகிறார்.

ரோலருக்குத் திரும்பியபோது ஈரக் கூடை மலைபோல் குவிந்திருந்தது. வலதுமூலை இரண்டு மூலைகளையும் தானே பிடித்து மாரடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே சொன்னாங்க?"

"நல்லா இருக்கேன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அதான்யா பயமா இருக்கு."

வலதுமூலை அடுத்த பெட்ஷீட்டை எடுத்து உதறினார். அவர் பதினோரு வருஷத்துக்கு முன்பே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டவர். தனக்கு ஊரும் இல்லை, ஏரியும் இல்லை என்பார். ராத்திரி நன்றாகத் தூங்குவார்.

நியூஸ்காரருக்கு அலுத்துப்போயிருந்தது. வேலை அலுக்கவில்லை. கால் வலியும் ரோலர் சூடும் பழகிவிட்டன. பயப்படுவதுதான் அலுத்துப்போயிருந்தது. ஊரில் இருப்பவனாவது பயம் வந்தால் ஓடிப்போய் வாளியில் தண்ணீரை இறைக்கலாம். தூரத்தில் இருப்பவன் என்ன செய்வான்? போனைத்தான் தேய்க்க முடியும்.

தேய்த்தார். திரையின் கீழே நிருபரின் நம்பர் ஓடியது.

"தம்பி, நான் வெளிநாட்டுலேர்ந்து பேசறேன். நாலாவது தெரு பதினேழாம் நம்பர் வீடு. எங்கம்மா உள்ள தனியா இருக்காங்க. ஒரு எட்டுப் போய்ப் பாக்க முடியுமா? அவங்க மாட்டிக்கிட்டு இருப்பாங்களோன்னு ஒரு சந்தேகம்."

"சார், வெளிநாட்டுலேர்ந்தா? லைன்லயே இருங்க!" என்றார் நிருபர். உடனே லைனைத் துண்டித்தார்.

ஆறு நிமிஷம் கழித்துத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'பரபரப்பு! நாலாவது தெருவில் வீட்டுக்குள் சிக்கிய மூதாட்டி! வெளிநாட்டிலிருந்து கிடைத்த அதிர்ச்சித் தகவல்!'

"பாத்தியா!" நியூஸ்காரர் கையிலிருந்த மூலையை விட்டுவிட்டார். "மாட்டிக்கிட்டாங்களாம்! நான் சொன்னேன்ல!"

"அண்ணே, அது நீங்க சொன்னதுதானே?"

"நான் சந்தேகமாத்தான் சொன்னேன். அவன் உறுதிப்படுத்திட்டான்!"

உறுதியான பிறகு சும்மா இருக்க முடியுமா? அம்மாவை அழைத்தார். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தார். பதினேழாவது தடவை அழைத்தபோது போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது. பதினாறு தடவை அடித்து அடித்து சார்ஜ் தீர்ந்திருக்கலாம் என்று வலதுமூலை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். போன் தண்ணீருக்குள் போய்விட்டது என்று நியூஸ்காரர் முடிவுகட்டினார்.

தங்கையை அழைத்தார். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பின்னணியில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, க்ளாஸ்ல இருக்கேன். என்ன?"

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வாய்ப்பாடு ஏழேழு நாற்பத்தொன்பதைத் தாண்டியது. "போன்ல சொல்லிச்சு."

"எப்ப?"

"இப்பத்தாண்ணே. அஞ்சு நிமிஷம் முன்னால."

"அம்மா போன் அணைஞ்சு கால் மணி நேரம் ஆச்சுடி!"

"அண்ணே, ஹெச்எம் வர்றாங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

நியூஸ்காரர் ஈரக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பொய் சொல்றாய்யா. கூடப் பொறந்தவ. மாமா தூங்கறாருன்னு சொன்ன அதே குரல்."

"அண்ணே, ஈரம். பேண்ட்டு நனையுது."

"நனையட்டும். எங்கம்மா கழுத்தளவு தண்ணில நிக்குது."

அடுத்தது தீயணைப்பு நிலையம். நம்பரை யாரோ புண்ணியவான் சேனலின் கீழே போட்டிருந்தார். எடுத்தவர் நிதானமானவர். "தகவல் ஏற்கெனவே வந்துடுச்சு சார். சேனல்லயே போட்டுட்டாங்க. எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க" என்றார். நியூஸ்காரர் நன்றி சொல்லி வைத்தார். தீயணைப்புக்காரர்களே கிளம்பிவிட்டார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ரோலர் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் அம்மாள் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள். துண்டு வண்டியில் இருந்த போனைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், கடைசியாகக் கூடை மேல் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தாள்.

"லீவு வேணும். இப்பவே ஊருக்குப் போகணும். எங்கம்மா வெள்ளத்துல" என்று தனக்குத் தெரிந்த அந்த நாட்டுப் பாஷையில் நியூஸ்காரர் உடைந்த குரலில் சொன்னார்.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. அவசர லீவுக்கு ஆதாரம் வேண்டும். அதோடு, முன்னறிவிப்பில்லாமல் போகிறவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். திரும்பி வந்தால் அழுக்கு பிரிக்கும் அறைதான்.

அழுக்கு பிரிக்கும் அறையென்றால் கூடத்தில் எல்லோருக்கும் குலை நடுங்கும். யாரோ படுத்து, யாரோ சிந்தி, யாரோ சுருட்டி எறிந்ததையெல்லாம் கையால் பிரித்துப் போடுகிற இடம். ஜன்னல் கிடையாது. சிக்னலும் கிடையாது. அங்கே ஊர் நியூஸ் பார்க்கவே முடியாது.

"அண்ணே, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் வலதுமூலை. "நாலு வருஷமா புடிச்ச மூலை."

"எனக்கு மூலையா முக்கியம்? அம்மாய்யா."

ஆதாரமாக அவர் போனை நீட்டினார். அந்தச் சமயம் பார்த்துத் தீயணைப்பு வண்டி நாலாவது தெருவுக்குள் நுழைந்தது. பதினேழாம் நம்பர் வீடு திரையில் தெரிந்தது. அதே நீலக் கதவு, அதே உடைந்த லெட்டர் பாக்ஸ். சூப்பர்வைசர் அம்மாளுக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் கோடரியோடு ஆட்கள் இறங்குவது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். அவள் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். இவரும் போட்டார். சூப்பர்வைசர் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தட்டில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு ஆள், இன்னொரு ஆள் என்று ரோலரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. மடிப்பு மேசைக்காரர்கள், பொத்தான் தைக்கிற பெண், வண்டி தள்ளுகிறவர்கள் எல்லோரும் துண்டுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

"கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்குகிறது!" என்று நிருபர் அலறினார். "மூதாட்டியை உள்ளே வைத்துப் பூட்டியது யார்? அதிர்ச்சியில் உறைந்திருக்கிறது நாலாவது தெரு!"

உறைந்ததாக யாரும் தெரியவில்லை. தெருக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்குக்கு நேரே வந்தார். "தம்பி, நான் சொல்றதைக் கொஞ்சம்" என்றவரை நிருபரின் மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக விட்டார்.

"எங்கம்மாவைப் பூட்டி வச்சிருக்காங்கய்யா" என்றார் நியூஸ்காரர். "இத்தனை வருஷம் இங்க கால் கடுக்க நின்னு உழைச்சு, கடைசில ஒரு பூட்டைக்கூட என்னால திறக்க முடியல பாரு."

வலதுமூலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷமாக ஆளுக்கொரு மூலையில் நின்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கோடரி விழுந்தது. இரண்டாவது அடியில் நீலக் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் தீயணைப்புக்காரர்கள் உள்ளே போனார்கள். கேமரா பின்னாலேயே போனது.

உள்ளே ஒன்றுமே இல்லை.

கட்டில் இல்லை. அடுப்பு இல்லை. சிவப்பு சிமெண்டுத் தரையின் மேல் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் வெளுக்காமல் பட்டையாகத் தெரிந்தது.

"ஐயோ!" நியூஸ்காரர் தலையில் கைவைத்தார். "பீரோவைக்கூட வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சே!"

"பூட்டின கதவு வழியாவா அண்ணே?" என்று கேட்டார் வலதுமூலை.

நியூஸ்காரர் தலையிலிருந்து கையை எடுத்தார். திரையைத் திரும்பப் பார்த்தார். தரை சிவப்பாகத்தான் இருந்தது. டைல்ஸ் ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அந்தப் பீரோவையும் அதன் மேலிருந்த குடையையும் அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

அங்கே நிருபருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. மூதாட்டி இல்லாத வீட்டில் மூதாட்டியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் கத்துவது? தீயணைப்பு அதிகாரி வேறு, தகவல் கொடுத்தது யார் என்று அவரை முறைத்துக்கொண்டிருந்தார். நிருபர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டிய தூரத்தில், சட்டைப் பொத்தான் பிய்ந்து, மழையில் சொட்டச் சொட்ட இஸ்திரிக்காரர்தான் நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் மைக்கை அவரிடம் நீட்டினார்.

"முதல்ல தண்ணி கணுக்கால்தான்னு சொல்ல வந்தேன், அப்புறம் அந்தம்மா உள்ள இல்லேன்னு சொல்ல வந்தேன், எங்க விட்டீங்க?" என்ற இஸ்திரிக்காரர், லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "அந்தம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு மக ஊருக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க, 'எம்புள்ள அங்க உக்காந்துக்கிட்டு நான் இருக்கேன்னுதான் இந்த ஊரைப் பாத்துக்கிட்டிருக்கான், நானும் இங்க இல்லேன்னு தெரிஞ்சா அவனுக்குப் பாக்க ஒரு ஊரே இல்லாமப் போயிடும், யாரும் சொல்லிடாதீங்க'ன்னு தெருவுல ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் வண்டியே ஏறுனாங்க."